குளிர் குறைந்தால் வடக்குக் காடுகள் செழிக்குமா?

கேள்வி: "மகன் உயர்நிலை மூன்றில் புவியியல் படிக்கிறான். கனடா, சைபீரியா பக்கத்து ஊசியிலைக் காடுகளில் குளிரால்தான் மரங்கள் மெதுவாக வளர்கின்றன என்று பாடத்தில் வந்ததாம். அப்படியென்றால் பூமி சூடாவது அந்த மரங்களுக்கு நல்லதுதானே, நம் சிங்கப்பூர் மரங்கள் மாதிரி மளமளவென்று வளருமே என்கிறான். ஆமாம் என்று சொல்லிவிடலாமா?"

அக்கா, ஆமாம் என்றால் பாதிதான் சரி. அறிவியலாளர்கள் பலரும் ஒரு காலத்தில் உங்கள் மகன் மாதிரிதான் எதிர்பார்த்தார்கள், அதனால் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிர் தடையாக நிற்கும் இடத்தில் வெப்பம் கூடினால் மரம் வளரும். ஆனால் வடக்கே எல்லா இடத்திலும் குளிர்தான் தடை என்று சொல்ல முடியாது. அது விலகிய இடத்திலும் தண்ணீரோ மண்ணின் சத்தோ உடனே தடையாக வந்து நின்றுவிடுகிறது. நான் வனவியல் படித்தவன், இப்போது மரத்தின் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் ஊரோடு ஒப்பிடுவதைப் பார்ப்போம். சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூட இல்லை. வெப்பநிலை எந்த மாதமும் ஏறக்குறைய ஒன்றுதான். மழை ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். பூமலையில் நிற்கும் தெம்புசுவுக்கும் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்துக்கும் வேலையை நிறுத்திப் படுத்துக்கொள்ள ஒரு பருவம் என்று கிடையாது. அதனால்தான் இங்குள்ள பெரும்பாலான மரங்களில், ஆண்டுக்கு ஒன்று என்று நம்பி எண்ணும்படி வளையம் விழுவதில்லை.

கிழக்கு சைபீரியாவில் யாக்குட்ஸ்க் என்ற நகரம் இருக்கிறது. ஜனவரியில் சராசரியே மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே. அங்கே ஓராண்டு முழுக்க மழையும் பனியும் சேர்ந்து சுமார் 240 மில்லிமீட்டர்தான். நமக்கு டிசம்பர் ஒரு மாதத்திலேயே சராசரியாக 300-க்கு மேல் கொட்டுகிறது. அப்புறம் இன்னொன்று: அதே வட்டாரத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் வெர்கோயான்ஸ்க் ஊரில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி பதிவானது. சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்சம் 37. வடக்குக் காடு என்றதும் நம் மனத்தில் பனிதான் வருகிறது. ஆனால் அது காய்ந்த காடும்கூட, சில நாள்களில் சூடான காடும்கூட. இந்த விவரத்தைப் பள்ளிப் பாடம் பெரும்பாலும் சொல்வதில்லை.

சரி, குளிர் மரத்தை எப்படித் தடுக்கிறது? குளிர்காலத்துக் குளிர் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அதற்கும் வளர்ச்சிக்கும் நேரடித் தொடர்பு குறைவு. சைபீரிய லார்ச் மரம் இலையுதிர்காலத்தில் ஊசிகளை எல்லாம் உதிர்த்துவிட்டு, செல்களில் இருக்கும் நீரை வெளியேற்றி, சர்க்கரையை ஏற்றி, மைனஸ் 50-ஐயும் தாங்கிக்கொண்டு நிற்கும். தூங்குகிற மரத்துக்கு மைனஸ் 20 ஆனால் என்ன, மைனஸ் 40 ஆனால் என்ன! விஷயம் எல்லாம் கோடையின் அந்தச் சில வாரங்களில் இருக்கிறது.

மரப்பட்டைக்கு அடியில் கேம்பியம் என்று மெல்லிய ஓர் அடுக்கு உண்டு. உள்பக்கம் புதுச் செல்களைப் பிரித்துக் கொடுத்து மரத்தைத் தடிக்க வைப்பது அதுதான். காற்றின் வெப்பம் ஏறக்குறைய 5 டிகிரிக்குக் கீழே போனால் அதனால் புதுச் செல்களைக் கட்ட முடிவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, ஒளிச்சேர்க்கை அதற்கும் குறைந்த வெப்பத்தில் நடக்கும். அதாவது இலை சர்க்கரை தயாரித்துக்கொண்டே இருக்கும், அதை வைத்துத் தண்டைக் கட்டத்தான் முடியாது. குளிர்ந்த இடத்து மரம் பட்டினியால் சிறுத்துப் போகவில்லை, கட்டுமான வேலை நின்றுபோவதால் சிறுத்திருக்கிறது. மலைகளிலும் வடகோடியிலும் மரங்கள் ஓர் எல்லையோடு நின்றுவிடுவதற்கும் இதுதான் முக்கிய விளக்கம். வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் 6 டிகிரி சொச்சத்துக்குக் கீழே போகும் இடங்களில், உலகின் எந்த மூலையானாலும், நிமிர்ந்து நிற்கும் மரம் அநேகமாக இருக்காது.

வடக்கே அந்தக் கட்டுமானப் பருவம் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. அதிலும் செல் பிரியும் வேகம் உச்சத்தைத் தொடுவது ஜூன் 21-ஐ ஒட்டி, பகல் மிக நீளமாக இருக்கும்போது. வெப்பம் உச்சத்தைத் தொடுவதோ ஜூலையில். மரம் வெயிலின் சூட்டுக்குக் காத்திருக்காமல் பகலின் நீளத்தைப் பார்த்து ஓடுகிறது. பின்னால் உருவாகும் செல்களுக்குச் சுவர் தடித்து, அதைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருள் ஏறி முடிய நேரம் வேண்டும், அதற்குள் பனி வந்துவிடக் கூடாது. அதனால்தான் செப்டம்பர் ஒரு வருடம் இதமாக இருந்தாலும் மரம் அதைப் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. கடையை மூடிவிட்டது.

உங்கள் மகனுக்கு இதைக் கையில் தொட்டுக் காட்டலாம். சுங்கை காடுட் பக்கம் மரக்கடைக்குப் போனால் இரண்டு வகைப் பைன் பலகை கிடைக்கும். ஒன்று பின்லாந்து அல்லது சுவீடனிலிருந்து வருவது. இன்னொன்று நியூசிலாந்துத் தோட்டங்களில் வளர்ந்த ரேடியாட்டா பைன், சாமான் பெட்டிகளுக்கும் பலகைத் தட்டுகளுக்கும் அதிகம் போவது. இரண்டின் வெட்டுமுகத்தையும் லேசாக நனைத்து அருகருகே வைத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக ஒரு பட்டை, பழுப்பாக ஒரு கோடு, இரண்டும் சேர்ந்தால் ஓராண்டு. வெளிர் பகுதி கோடையின் தொடக்கத்தில் வந்தது: அகலமான செல், மெல்லிய சுவர், தண்ணீர் ஏற்றத் தோதானது. பழுப்புக் கோடு கோடையின் கடைசியில் வந்தது: குறுகிய செல், தடித்த சுவர். நியூசிலாந்துப் பலகையில் கட்டைவிரல் அகலத்துக்குள் இரண்டு மூன்று வளையம் இருக்கும். வடக்கத்திப் பலகை நல்ல வடகோடிச் சரக்காக இருந்தால் அதே அகலத்தில் இருபது. இருபது ஆண்டு உழைப்பு ஒரு கட்டைவிரலுக்குள் அடங்கிவிடுகிறது. தச்சர்கள் வடக்கத்திப் பலகையைத்தான் விரும்புவார்கள், ரம்பம் சீராக ஓடும். விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

ஆய்வாளர்கள் இதற்காக மரத்தை வெட்டுவதில்லை. உள்ளே ஓட்டையுள்ள துளைகருவியைத் தண்டில் திருகி, பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சியை உருவி எடுப்பார்கள். அதில் வளையத்தின் அகலத்தை அளப்பார்கள். அதைவிட நம்பகமானது அந்தப் பழுப்புக் கோட்டின் அடர்த்தி. கோடை எவ்வளவு சூடாக இருந்தது என்பதை அது அகலத்தைவிடத் துல்லியமாகச் சொல்லும். இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் லாப்லாந்துப் பக்கத்துப் பைன் மரத்தில், இந்த ஆண்டு வளையம் எவ்வளவு தடிக்கும் என்பதை இந்த ஜூலை தீர்மானிக்கிறது. ஆனால் இந்த ஆண்டு எவ்வளவு உயரும் என்பதைத் தீர்மானிப்பது போன ஜூலை. தளிர் முழுக்கவும் போன கோடையிலேயே மொட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும், இந்த ஆண்டு அது விரிய மட்டும்தான் செய்யும். எனவே ஒரே மரத்தில் தடிமனும் உயரமும் வெவ்வேறு ஆண்டுகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

குளிர்ந்த கோடை என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்து ஊரே சாட்சி. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அப்போது ராஃபிள்ஸ் ஜாவாவில் துணை ஆளுநர், சிங்கப்பூருக்கு வர இன்னும் நான்கு ஆண்டு இருந்தது. சத்தத்தைக் கேட்டு ஜாவாவில் பீரங்கிச் சத்தம் என்று நினைத்துப் படையையே கிளப்பிவிட்டார்கள். அந்த வெடிப்பு மேலே அனுப்பிய கந்தகம் வெயிலை மறைத்து, மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே இல்லாமல் போனது. கனடாவின் வட கியூபெக்கில் வளரும் கறுப்பு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களில் 1816-17 வளையங்களைப் பார்த்தால் அந்தப் பழுப்புக் கோடு வெளிறிப்போய், இருந்தும் இல்லாததுமாகத் தெரியும். சுவர் கட்டி முடிப்பதற்குள் குளிர் வந்துவிட்டது. இப்படி அரைகுறையாக நின்றுபோன வளையங்களை இப்போது சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். லிக்னின் ஏறிய செல் சிவப்பாகவும் ஏறாதது நீலமாகவும் தெரியும்.

இதுவரை உங்கள் மகன் கட்சிதான் ஜெயிக்கிறது. கோடை குளிர்ந்தால் வளர்ச்சி கெடுகிறது, சூடானால் தேறுகிறது. வடக்கு எல்லையில் நிற்கும் மரங்களுக்கு இது இன்றும் பெரும்பாலும் பொருந்தும். சுவீடனின் ஃபுலுஃப்யெல் மலையில் ஒரு ஸ்புரூஸ் இருக்கிறது. அதன் வேர்த்தொகுதிக்கு வயது ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு மேல். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதராகப் படர்ந்து கிடந்த அது, நிமிர்ந்த தண்டு விட்டு மரமாக எழுந்தது 20ஆம் நூற்றாண்டு சூடான பிறகுதான்.

இனி மறுபக்கம். அலாஸ்காவின் உள்பகுதியில், ஃபேர்பேங்க்ஸ் சுற்றுவட்டாரத்தில் வெள்ளை ஸ்புரூஸ் மரங்களை ஆராய்ந்து 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. சூடான ஆண்டுகளில் வளையம் பெருக்கவில்லை, சுருங்கியிருந்தது. அதுவும் நல்ல மண்ணில், நன்றாக வளர வேண்டிய மரங்களில். காரணம் தண்ணீர். ஃபேர்பேங்க்ஸின் ஆண்டு மழை 300 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ள முடியும். மழை அதே அளவு பெய்தாலும் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் காற்று இழுக்கும் நீர் கூடிவிடுகிறது. மரம் காய்ந்துபோகாமல் இருக்க இலைத்துளைகளை மூடுகிறது. துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது, சர்க்கரை உற்பத்தி குறையும். அதோடு, செல் பெருக்க உள்ளிருந்து தள்ளும் நீரழுத்தம் வேண்டும், அதுவும் இல்லை. அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் உலையில் தண்ணீர் இல்லாவிட்டால் சோறு ஆகுமா!

இதை அமெரிக்காவின் மினசோட்டாவில், ஊசியிலைக் காட்டின் தென்கோடியில், சோதித்தே பார்த்தார்கள். திறந்த வெளியில் இளங்கன்றுகளையும் மண்ணையும் சில டிகிரி சூடேற்றினார்கள். 2018-இல் வெளிவந்த முடிவு தெளிவாக இருந்தது. மண் ஈரமாக இருந்த நாள்களில் சூடு ஒளிச்சேர்க்கைக்கு உதவியது, மண் காய்ந்திருந்த நாள்களில் அதே சூடு கெடுத்தது. இத்தனைக்கும் கடும் வறட்சி இல்லை, சாதாரணமாகக் கோடையில் மண் காயும் அளவுதான். நான்கு ஆண்டு கழித்து வந்த அடுத்த முடிவில், ஸ்புரூஸ், ஃபர் போன்ற வடக்கத்தி ஊசியிலைக் கன்றுகள் மிதமான சூட்டிலேயே கூடுதலாகச் செத்துப்போயிருந்தன.

சைபீரியாவில் இன்னும் சிக்கலான ஏற்பாடு. வெறும் 240 மில்லிமீட்டர் மழைக்கு அங்கே புல்வெளியோ அரைப் பாலைவனமோதான் இருந்திருக்க வேண்டும். காடு இருக்கிறது என்றால் அதற்குக் கீழே இருக்கும் உறைமண்தான் காரணம். கோடையில் மேல்மண் மட்டும் ஒரு மீட்டர் அளவுக்கு உருகும், அதன் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் உறைந்தே கிடக்கும். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் வேர் எட்டும் ஆழத்திலேயே தங்கிவிடுகிறது. லார்ச் அதைக் குடித்துத்தான் கோடையைக் கடத்துகிறது. வெப்பம் கூடி உருகும் ஆழம் கொஞ்சம் அதிகமானால் வேருக்கு இடம் கூடும், நல்லதுதான். ஆனால் மண்ணுக்குள் பனிக்கட்டி அதிகமாக இருக்கும் இடங்களில் அது உருகி நிலம் அமுங்குகிறது. மரங்கள் குடித்துவிட்டு நிற்பவர்கள் மாதிரி ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுமுட்டிச் சாவதும் உண்டு. நீர் குறைவாலும் மரம் சாகலாம், மிகுதியாலும் சாகலாம், ஒரே காட்டில்.

அலாஸ்காவில் இந்த வித்தியாசத்தை ஒரே குன்றில் பார்க்கலாம். தெற்குச் சரிவில் வெயில் விழும், உறைமண் இருக்காது, ஆஸ்பென் என்ற அகன்ற இலை மரமும் வெள்ளை ஸ்புரூஸும் ஓங்கி நிற்கும். உச்சியைத் தாண்டி வடக்குச் சரிவுக்குப் போனால் காலடியில் முழங்கால் புதையும் பாசி, அதன் கீழே உறைமண், அதன் மேல் கறுப்பு ஸ்புரூஸ், நூறு வயதிலும் மணிக்கட்டுத் தடிமன்தான். பாசி ஒரு மெத்தை போட்ட மாதிரி மண்ணைச் சூடேற விடாமல் காக்கிறது. வெப்பம் கூடினால் இந்த இரண்டு சரிவும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா? ஒரு வானிலை நிலையத்தின் சராசரியை வைத்துக்கொண்டு "காடு வளரும்", "காடு வளராது" என்று தீர்ப்பு சொல்கிறவர்களை நான் அதனால்தான் அவ்வளவாக நம்புவதில்லை.

சத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த மண்ணில் உதிர்ந்த ஊசிகள் மக்க நெடுங்காலம் பிடிக்கும், அதனால் நைட்ரஜன் வெளியே வராது. சுவீடனின் வடக்கே ஃபிளாக்காலிடன் என்ற இடத்தில் 1980-களில் தொடங்கிய சோதனையில், ஸ்புரூஸ் மரங்களுக்கு வேண்டிய சத்தை அளந்து கொடுத்தபோது, அதே குளிரில், அதே மழையில், வளர்ச்சி பல மடங்கு ஆனது. அங்கேயே மரங்களைக் கூடாரத்துக்குள் வைத்துக் கரியமில வாயுவைக் கூட்டியும் பார்த்தார்கள். சத்து சேர்க்காத மரத்தில் அது எடுபடவில்லை. காற்றில் கரியமில வாயு கூடினால் மரம் தானாகக் கொழுக்கும் என்று சொல்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். 2016-இல் கனடா முழுவதிலும் எடுத்த ஆண்டு வளையங்களை வைத்து வந்த ஆய்வும் அதையே சொல்கிறது: வெப்பமும் கரியமில வாயுவும் சேர்ந்து ஏறிய அரை நூற்றாண்டில், நாடு முழுவதற்குமாகப் பார்த்தால் வளர்ச்சி கூடியதற்கான தடயம் இல்லை. சில வட்டாரங்களில் ஏற்றம், சில வட்டாரங்களில் இறக்கம்.

வளைய ஆய்வாளர்களுக்கே இது தலைவலியாகிவிட்டது. 1960-கள் வரை வடக்கு மரங்களின் பழுப்புக் கோட்டு அடர்த்தி, கோடை வெப்பத்தோடு ஒட்டியே ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு பல இடங்களில் வெப்பம் ஏற, அடர்த்தி கூடவே ஏறவில்லை. 1990-களின் கடைசியில் இதை வெளிப்படையாக எழுதினார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே காரணம் ஒத்துவரவில்லை. வறட்சிமீதுதான் முதல் சந்தேகம். மாசுபட்ட காற்று வெயிலை மங்கச் செய்தது, வசந்தத்தில் பனி உருகத் தாமதமானது என்று வேறு விளக்கங்களும் உண்டு.

வசந்தம் முன்கூட்டியே வந்தால் வளரும் பருவம் நீளுமே என்று பையன் அடுத்துக் கேட்பான், தயாராக இருங்கள். மொட்டு சீக்கிரம் விரியும், உண்மைதான். ஆனால் விரிந்த தளிருக்கு மே, ஜூன் உறைபனியைத் தாங்கும் சக்தி கிடையாது. பருவத்தின் முடிவையோ மரம் பகல் குறைவதை வைத்துத்தான் முடிவு செய்கிறது, காலநிலை மாறினாலும் பகலின் நீளம் மாறாதே. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி அகன்ற இலைக் காடுகளில் 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், சூடான வசந்தத்தில் தண்டு சீக்கிரம் தடிக்கத் தொடங்கியது, ஆனால் ஆண்டு முடிவில் மொத்தத் தடிமன் கூடவில்லை. ஊசியிலைக் காடு வேறு, ஆனாலும் யோசிக்க வைக்கிற முடிவு.

பூச்சியும் நெருப்பும் தனிக் கதை, சுருக்கமாக முடிக்கிறேன். குளிர்காலக் குளிர் வளர்ச்சிக்கு முக்கியமில்லை என்றேன், பூச்சிக்கு முக்கியம். மைனஸ் 40 வரை இறங்கும் கடுங்குளிர் பைன் வண்டின் புழுக்களைக் கொல்லும். அந்தக் குளிர் அரிதானதும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் காடு வண்டால் பாதிக்கப்பட்டது. சிங்கப்பூர் மொத்தமே 75,000 ஹெக்டேருக்குள். 2023 கோடையில் கனடாவில் எரிந்த காடு ஒன்றரைக் கோடி ஹெக்டேர் அளவு. வளையம் ஒரு மில்லிமீட்டர் கூடியதா குறைந்ததா என்று அளந்துகொண்டிருக்கும்போதே மரம் நின்ற இடம் கரியாகிவிடுகிறது.

அந்த நாடுகளின் வனத்துறைகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பைனோ ஸ்புரூஸோ எந்த ஊர் விதையோ அந்த ஊர்ப் பகலுக்குப் பழகியது. தெற்கத்தி விதையை அதிகம் வடக்கே கொண்டுபோனால் இலையுதிர்காலத்தில் வேலையை நிறுத்தத் தெரியாமல் பனியில் மாட்டிக்கொள்ளும். சுவீடனில் நூறாண்டுக்கும் மேலாக இதைச் சோதித்து வருகிறார்கள். தென் சுவீடனில் பெலாரஸ் ஸ்புரூஸ் விதையை நடுவதற்குக் காரணம், அதன் மொட்டு தாமதமாக விரிவதால் வசந்தப் பனியில் தப்பிக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில், எந்த இடத்துக்கு எந்த இடத்து விதை என்ற விதியையே, வரப்போகும் வெப்பத்தைக் கணக்கில் வைத்து மாற்றி எழுதியிருக்கிறார்கள். அங்கே இன்று நடும் கன்றை வெட்ட எழுபது எண்பது ஆண்டாகும். இந்த ஜூன் மாத உறைபனியையும் எழுபது எண்பது ஆண்டு கழித்து வரும் ஜூலை வறட்சியையும் ஒரே கன்று தாங்க வேண்டும் என்பதால், கொஞ்ச தூரம் தெற்கிலிருந்து மட்டுமே விதை எடுக்கிறார்கள், அதிக தூரம் போவதில்லை.